மாப்பிள்ளையின் நாட்டை விசாரித்த கதை

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காத யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கவில்லை. ஊர் எது, தகப்பன் குடிப்பாரா, பெரியப்பாவின் மகன் ஏன் வேலையை விட்டான் என்பது வரை, தொலைபேசியில் ஐந்து பேரைப் பிடித்தால் அரை நாளில் எல்லாம் தெரிந்துவிடும். பிறர் பிள்ளைகளுக்காக நானும் அவ்வாறு பலமுறை விசாரித்துக் கொடுத்தவன். (ஒருவரும் கேட்காமலே.) ஆயினும், என் சொந்த மகளுக்காக நான் நடத்திய விசாரணையை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

மகள் யாழினி தன்னோடு பணிபுரியும் கரீம் என்பவனை மணக்க விரும்பினாள். அவன் அல்ஜீரியன் என்றாள். மதம், மொழி, சாப்பாடு ஆகிய மூன்றையும் பற்றி இருவரும் தமக்குள்ளேயே பேசி முடித்திருந்தனர். கரீமின் தகப்பன் ரஷீத் இசைந்துவிட்டார். தாய் நாடியா மட்டும், பெண்ணின் பெற்றோரைப் பார்த்த பின்னரே மறுமொழி சொல்வேன் என்றிருந்தார். ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவிலுள்ள அவர்கள் வீட்டில் ஞாயிறு மதிய விருந்து, தீர்ப்பும் அங்கேயே.

எனக்கு இரண்டு வாரம் இருந்தது; விசாரிக்கத்தான் ஆளில்லை. ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த எவருக்கும் ஓர் அல்ஜீரியக் குடும்பத்தைத் தெரியாது. ஆகவே, வீட்டை விசாரிக்க இயலாத நான் நாட்டை விசாரித்தேன்.

நூலகத்தில் அமர்ந்து ஒரு கொப்பி நிறையக் குறிப்பெடுத்தேன். ஐரோப்பாவுக்கு எரிவாயு விற்கிறது (வருமானம் இருக்கு). ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்குகிறது, ஆனால் எவருடைய கூட்டணியிலும் சேர்வதில்லை (கொஞ்சம் தனிப்போக்கு, பரவாயில்லை). மாலி அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையே சமாதானம் பேசியிருக்கிறது (நல்ல குணம்). அயல்நாடான மொரோக்கோவோடு உறவு முறிந்து, எல்லையும் பூட்டிக் கிடக்கிறது. ஏனென்று மேலும் வாசித்தேன். மேற்குச் சகாரா தன்னுடையது என்கிறது மொரோக்கோ. அம்மக்களின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்து, அவர்களுடைய அகதி முகாம்களுக்குத் தன் மண்ணில் இடம் கொடுத்திருக்கிறது அல்ஜீரியா.

அகதி முகாம், சுயநிர்ணய உரிமை ஆகிய இரு சொற்களையும் அடுத்தடுத்து வாசித்த பின் ஈழத்தமிழன் ஒருவன் வாளாவிருத்தல் கூடுமோ? பக்கத்தைப் புரட்டுமுன் நான் அல்ஜீரியாவின் கட்சியாகிவிட்டேன்.

காரில் ஏறும்போது யாழினி சொன்னாள்: "அப்பா, அங்க அரசியல் மட்டும் கதைக்காதேங்கோ. பிளீஸ்."

"ஓம், ஓம்" என்றேன். தன் வருங்கால உறவினரின் பெருமையைத் தானே பேச அவள் கூச்சப்படுவதாக விளங்கிக்கொண்டேன்.

ஆட்டிறைச்சியும் கோதுமை ரவைக் கூஸ்கூஸும் பரிமாறப்பட்டன. நாடியா என் தட்டில் மூன்றாம் முறை இறைச்சி வைத்தார். இதுவே தருணம் என்று எழுந்து நின்றேன். ஒடுக்கப்பட்ட மக்களின் உற்ற தோழனாகிய அல்ஜீரியாவை, இரண்டு வாரம் செதுக்கிய ஆங்கிலத்தில் வாழ்த்தினேன். நாடியா அகப்பையை மெல்லக் கீழே வைத்தார். ரஷீத் கூரையைப் பார்த்தார். நெகிழ்ந்துவிட்டனர் என்று கருதி, மொரோக்கோவின் பிடிவாதத்தையும் சற்று விரித்துரைத்தேன்.

"நான் கசபிளாங்காவில் பிறந்தவள்" என்றார் நாடியா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கொப்பியின்படி கசபிளாங்கா அல்ஜீரியாவில் இல்லையே! மனைவி சுகந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவ மொரோக்கோக்காறி. பிள்ளை போன கிழமையே சொன்னது. நீங்கள் எங்க கேட்டனீங்கள்? கொப்பிக்குள்ள தலையை விட்டுக்கொண்டெல்லே இருந்தனீங்கள்!"

அமர்ந்திருக்கலாம். அமரவில்லை. மொரோக்கோவின் பக்கத்திலும் நியாயம் உண்டு, அது முன்வைக்கும் சுயாட்சித் திட்டத்தைப் பல நாடுகள் ஆதரிக்கின்றன என்றேன்.

"எந்த நாடுகள்?" என்று கேட்ட ரஷீத், கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

கரீம் என் மகளைப் பார்த்தான். அவள் இரு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள். திருமணம் என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது, கரைப்பவன் நானேதான். எந்தச் சொல்லால் என்பது மட்டும் விளங்கவில்லை. அந்தக் கலக்கத்தில், மாலியில் அல்ஜீரியா பேசிய சமாதானத்தை இவர்களிடையே நான் பேசலாமே என்று தோன்றியது. (முப்பது வருசம் ஒண்டாய்க் குடித்தனம் நடத்தினவைக்கு!)

"வரைபடமாகக் காட்டுகிறேன்" என்று சொல்லி, கிண்ணத்திலிருந்த ஒலிவ் காய்களையும் ஒரு பேரீச்சம்பழத்தையும் மேசைவிரிப்பில் அடுக்கினேன். கறுப்புக்காய் அல்ஜீரியா, பச்சைக்காய் மொரோக்கோ, பேரீச்சம்பழம் மேற்குச் சகாரா. பேரீச்சம்பழத்தை மிகுந்த நிதானத்தோடு மத்தியதரைக் கடலோரத்தில் வைத்தேன்.

"அங்கே இல்லை!"

இருவரும் ஒரே குரலில் கத்தினர். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தின்மேல் விழுந்தன. அதைத் தெற்கே நகர்த்தி, அட்லாண்டிக் கரையில் சேர்ந்தே வைத்தனர். பின்னர் கறுப்புக்காயை ரஷீத் திருத்தினார். பச்சைக்காயை நாடியா திருத்தினார். நான் துனீசியா என வைத்திருந்த உப்புப்போத்தலை இருவருமாய்த் தூக்கி எறியாத குறையாக அகற்றினர். அதன்பிறகு கால்மணி நேரம் மாறி மாறி எனக்குப் பாடம் நடத்தினர். நான் எதைச் சொன்னாலும் "இல்லை" என்றனர், இருவருமே.

திடீரென்று நாடியா சிரிக்கத் தொடங்கினார். "ரஷீத், இந்த விடயத்தில் நாமிருவரும் ஒரு கட்சியாய் நின்றது இதுவே முதல் தடவை."

"ஆம்" என்று தலையசைத்தார் ரஷீத். "இவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதில் நமக்குள் வேறுபாடில்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்ட நாடியா, யாழினியின் கையைப் பற்றி, "திருமணத்தை எந்த மாதம் வைக்கலாம்?" என்று கேட்டார்.

நான் மட்டும் எழுந்தபடியே நின்றேன். அமருங்கள் என்று எவரும் சொல்லவில்லை.

இன்று அந்தக் குடும்பத்தில் எந்தப் பிணக்கு வந்தாலும் என்னைத்தான் அழைக்கின்றனர். சென்ற ஆண்டு வீடு வாங்குவதில் பிரச்சினை. கரீம் மேற்கே மிசிசாகா என்றான், யாழினி கிழக்கே பிக்கரிங் என்றாள். இரண்டு நாள் பேச்சில்லை. மருமகன் தான் கற்ற தமிழில் தொலைபேசி எடுத்தான்: "மாமா, ஒருக்கா வந்து உங்கட கருத்தைச் சொல்லுங்கோ."

போனேன். தீர ஆராய்ந்து, மிசிசாகாவுக்கும் அப்பாலுள்ள ஹமில்ரன் என்றேன். "இல்லை" என்றனர், இருவருமே.

பிக்கரிங்கில் வாங்கிவிட்டனர்.