இருமல் அண்ணனின் ஹெவி மெட்டல்

பாட ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தைல டப்பாவோடு ஓடி வருகிற ஒரே பாடகர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் இருமல் அண்ணன் ஒருவர்தான். அவர் பாடியது ஹெவி மெட்டல். அதில் பாடகர் அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும் என்பது விதியாம். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று அவர் ஒருநாள் உறுமிப் பழக, கடைக்காரர் கேட்காமலேயே ஒரு சிரப் பாட்டிலை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து அதுதான் பெயர். ஆதார் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

பகலில் அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன போர்வெல் மோட்டார்களை மடியில் போட்டுக்கொண்டு செப்புக் கம்பி சுற்றுவார். சாயந்தரமானால் 'கொள்ளிவாய்' என்கிற இசைக்குழுவின் தலைவர், பாடகர், பாடலாசிரியர், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்காரர். அந்த ஆம்ப்ளிஃபயரும் அவரே செய்ததுதான். நரகத்தைப் பற்றிய பாட்டின் நடுவே அதில் ரேடியோவின் விவசாய நிகழ்ச்சி கேட்கும். ஒருமுறை மிளகாய் விலை சொல்லத் தொடங்கியதும், கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் அன்றைக்கு முதல்முறையாக அமைதியானார்கள்.

நான் அப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு புத்தூரில் அறை எடுத்திருந்தேன். ஹவுஸ் ஓனரின் மோட்டார் எரிந்ததால் அதைத் தூக்கிக்கொண்டு நகரிக்குப் போனேன். பேச்சுவாக்கில், கல்லூரியில் வாங்கிய பேஸ் கிட்டார் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடப்பதாகச் சொல்லித் தொலைத்தேன். அண்ணன் மோட்டாரைக் கீழே வைத்தார். என் தலையை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"முடி எதுவரிக்கும் வளரும் உனக்கு?"

"வெட்டாம விட்டா வளரும்ணா."

"அப்ப சாயந்தரம் வந்துடு."

எனக்கு வாசிக்கத் தெரியுமா என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. நல்லவேளை.

ஒத்திகை நடப்பது ஒரு விசைத்தறி ஷெட்டில். தறிகள் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் ஆளைக் கொன்றாலும் தெரியாது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். தெருவில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, கரண்ட் போகும்வரை. கரண்ட் போனால் தறி நிற்கும், கிட்டார் நிற்கும், ஆனால் அண்ணனின் தொண்டைக்குக் கரண்ட் தேவையில்லையே. "மத்த ஊர்ல கரண்ட் போனா கொசு கடிக்குது, எங்க தெருவுல இது வந்து கடிக்குது" என்று தறிக்காரர் புலம்புவார்.

எங்கள் டிரம்மர் சீனு அதே ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்ற கைக்கு வேறு தாளம் வராது. தறி எந்த வேகமோ அதுதான் பாட்டின் வேகம். குழுவிலேயே உண்மையில் வாசிக்கத் தெரிந்தவன் அவன்தான். அது அண்ணனுக்கும் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்.

கொள்ளிவாயின் சட்டம் ஒன்றே ஒன்று. முடி தோளுக்குக் கீழே இருக்க வேண்டும். அண்ணனுடையது இடுப்பு வரை தொங்கும். ஞாயிறு தவறாமல் சீயக்காய் போட்டு அலசி, கடை வாசலில் வெயிலில் காயவைப்பார். மோட்டார் கொண்டுவரும் விவசாயிகள், முதுகுப் பக்கம் பார்த்து யாரோ அக்கா என்று நினைத்துத் தள்ளி நின்று கூப்பிடுவார்கள்.

மற்ற ஊர்களில் இசைக்குழுக்கள் பெண்ணால் உடையும், குடியால் உடையும், யார் பெரியவன் என்பதில் உடையும். எங்கள் குழு உடைந்ததெல்லாம் வேண்டுதலால். திருப்பதியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் முடி என்பது நம் தலையில் இருந்தாலும் நம்முடையது அல்ல. அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் அதைச் சாமிக்கு எழுதி வைத்துவிடுவார்கள். பேங்க் பரீட்சை பாஸானதற்கு ஒரு கிட்டார் மொட்டை. தங்கச்சிக்கு வரன் அமைந்ததற்கு ஒரு கீபோர்டு மொட்டை. ஊரில் நல்லது நடக்க நடக்க எங்கள் குழுவில் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

மொட்டையோடு வந்தவனை அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிடுவார். "முடி வளந்தப்புறம் வா." அவனுக்கு முடி வளர்வதற்குள் வேறொருவன் அவன் இடத்தில் நிற்பான். சித்தூரிலிருந்து வந்த ஒரு கிட்டார் பையன், அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக மொட்டை போட்டுவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தான், லட்டோடு. அண்ணன் லட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நைனா நல்லாகீறாரா? சந்தோஷம்" என்றார். பிறகு அதே வாயால், "முடி வளந்தப்புறம் வா" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலையை விட்டு விலகுகிற மாதிரி விலகிவிடலாமென்றால், சம்பளம் என்று ஒன்று இருந்தால்தானே விலகுவதற்கு.

பஸ்ஸில் ஏறினால் அவரை யாரும் பாடகர் என்று நினைத்ததில்லை. அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை இவ்வளவு முடி வளர்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஏமண்ணா, மொக்கு எப்புடு தீர்ஸ்தாவு?" என்று கண்டக்டர்கள் அக்கறையாக விசாரிப்பார்கள். வேண்டுதலை எப்போது தீர்க்கப் போகிறாய் என்று அர்த்தம். "இது மெட்டல்ணா" என்பார் இவர். "ஆமா, பெரிய மொக்குதான் போல" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்த மேடைகளைப் பற்றிச் சொல்லாமலிருப்பது மரியாதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சித்தூரில் ஒரு தெருவில் விநாயக சவிதி, அதாவது நம்ம விநாயகர் சதுர்த்திப் பந்தலுக்கு, மெல்லிசைக் குழு என்று நினைத்து எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பேனரில் 'ஸ்ரீ கொள்ளிவாய் ஆர்கெஸ்ட்ரா' என்று போட்டிருந்தது. அண்ணன் முதல் உறுமலை விட்டதும் குழந்தைகள் அழுதன, கமிட்டித் தலைவர் மைக்செட்காரரைத் தேடி ஓடினார். ஆனால் முன்வரிசையில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்து, கொண்டை அவிழ்ந்து, சீனுவின் அடிக்கு ஏற்ப அவர் தலையைச் சுழற்றிய வேகத்தில் நாங்களே பின்வாங்கினோம். இறங்கியதும் அண்ணன் அந்த அம்மாவிடம் போய் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்த ஜில்லாவுல எங்க மூசிக் புரிஞ்ச ஒரே ஆளு நீங்கதாம்மா."

அந்த அம்மா சோடா கேட்டார்.

இப்படி இருக்கையில்தான் பெங்களூரில் ஒரு மெட்டல் விழா நடப்பதும், வீடியோ அனுப்பினால் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் தெரியவந்தது. அண்ணனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அத்தனை வருஷத்தில் மெட்டல் கேட்கவென்றே வந்த கூட்டத்தின் முன்னால் அவர் ஒருமுறைகூட நின்றதில்லை. ஐந்து பேரும் ஐந்து தலை முடியோடு ஒரே சமயத்தில் இருப்பதும் அதுதான் முதல் தடவை. சீனு, நான், இரண்டு கிட்டார்ப் பையன்கள், அவர். ஷெட்டில் வைத்தே செல்போனில் படம் பிடித்து அனுப்பினோம். தேர்வாகிவிட்டோம், விழாவுக்கு இன்னும் நாலே நாள். பின்னணியில் வரும் அந்த இயந்திர ஒலி அபாரம், அது எந்த வெளிநாட்டுக் கருவி என்று கேட்டிருந்தார்கள். லுங்கித் துணி நெய்கிற கருவி என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் கடைக்குப் பூட்டு போட்டுவிட்டு, பார்த்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரை இருந்தது. காலையில் சீனுவின் அம்மா வள்ளியம்மா, ஒரு தூக்கு நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு ஷெட்டுக்கு வந்தார்.

"வயிறு ரொம்பத் துன்னுங்கப்பா. நாளான்னிக்கி மலைக்குப் போவணும்."

"எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

"நீங்க வீடியோ அனுப்பிக்கினு இருக்கசொல்ல நான் வேண்டிக்கினேன். புள்ளைங்க செலக்ட் ஆயிட்டா அஞ்சு பேருக்கும் மொட்டை போடறேன்னு."

கிட்டார்ப் பையன் ஒருவன் எலும்பைக் கடிப்பதை நிறுத்தினான். அண்ணனின் கை தானாகப் பின்னால் போய், முடியைப் பிடித்துக்கொண்டது.

"சீனுவுக்கு வேண்டிக்கோங்க. என் முடிய எப்டிம்மா நீங்க வேண்டிக்கலாம்?"

"நீயும் எனக்குப் புள்ளதானேப்பா."

அண்ணன் தவணை கேட்டார். விழா முடிந்து வந்து இறக்குகிறேன் என்றார். "கேட்டது கெடச்சிப்போச்சி, இன்னும் கடன் சொல்றியா சாமிகிட்ட?" என்றார் வள்ளியம்மா. முடிக்குப் பதில் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன் என்றார் அண்ணன். வள்ளியம்மா தூக்கை மூடினார்.

"நீ குடுக்காட்டி போப்பா, உன்ன நான் கட்டாயப்படுத்தல. ஆனா வாக்கு தப்பிக்கினு என் புள்ளைய பெங்களூர் ரோட்டுல அனுப்ப மாட்டேன்."

நாங்கள் நான்கு பேரும் அந்த நிமிஷமே சம்மதித்துவிட்டோம். எங்களுக்கு முடி என்பது இன்னும் வளரக்கூடிய பொருள். ஆனால் சீனு இல்லாமல் குழு இல்லை, அண்ணன் தலை இல்லாமல் சீனு இல்லை. இரண்டு நாள் அவர் கடையை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் பெங்களூர், ஒரு பக்கம் முடி. எரியாத மோட்டாரைக்கூடப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். இத்தனை பேரை வாசலில் நிறுத்தினீரே, இப்போது உம்மை யார் நிறுத்துவது என்று எனக்குள் ஒரு குரூர சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

மலைக்கு வந்தார். வந்தவர், மொட்டை போடுகிற இடமான கல்யாணகட்டாவில் பிளேடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். முடி இறக்குகிறவரிடம், மூன்று கத்தரி மட்டும் வெட்டினால் போதும் என்றார். பெண்கள் பலர் அப்படித்தான் மூன்று கொத்து முடியைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

"அதி ஆடவாள்ளக்கு அண்ணா" என்றார் அவர், சிரிக்காமல். அது பெண்களுக்கு.

பின்னாலிருந்து வள்ளியம்மா, "எப்பா, சாமிகிட்டயே பேரம் பேசறியா?" என்றார். வரிசையில் இருந்த அத்தனை ஈரத் தலைகளும் சிரித்தன. நான்தான் அதிகம் சிரித்தேன்.

முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்து, அந்த இடுப்பு நீள முடியை உச்சியில் வகிர்ந்து பார்த்தார். அவர் கை நின்றது. குனிந்து மெதுவாக, "அண்ணா, மத்யலோ பல்சகா உந்தி. இப்புடு தீஸ்தே மள்ளீ ராது" என்றார். நடுவில் மெலிந்துவிட்டது, இப்போது எடுத்தால் திரும்ப வராது. பக்கத்துப் பலகையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

"தெலுசு" என்றார் அண்ணன். தெரியும். "கானிவ்வு."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் பெங்களூர் மேடையில் ஐந்து மொட்டைகள் ஏறின. வெயில் ஒத்துக்காது என்று வள்ளியம்மா காலையில் அப்பி அனுப்பிய சந்தனம் வேர்வையில் கரைந்து காதோரம் வடிந்தது. எதிரே தோள்வரை முடி வளர்த்த ஆயிரம் பேர். விழாக்காரப் பையன் ஒருவன், இந்த மொட்டை மூலம் உலகுக்கு என்ன சொல்ல வருகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். "வேண்டுதல்" என்றார் அண்ணன். அதை எங்கள் ஆல்பத்தின் பெயர் என்று நினைத்து அவன் மைக்கில் அறிவித்துவிட்டான்.

முதல் பாட்டில் அண்ணன் பழக்கதோஷத்தில் தலையை வீசிச் சுழற்றினார். பறப்பதற்கு எதுவும் இல்லாததால் வேகம் தாங்காமல் தடுமாறி என் மேல் சாய்ந்தார். கூட்டம் சிரித்தது. அப்போது சீனு ஆரம்பித்தான். நகரியின் அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடுகிற மாதிரி அடித்தான். முதலில் முன்வரிசையில் நாலு பேர் தலையைச் சுழற்றினார்கள், பிறகு மைதானம் முழுக்க. அண்ணன் உறுமினார். யாரும் தைலம் கொண்டுவரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நாங்கள் நன்றாக வாசித்தோம். எங்களுக்கே நம்ப முடியவில்லை.

அதுதான் அந்த ஐவரின் முதல் கச்சேரி, கடைசியும். இரண்டு கிட்டார்ப் பையன்களும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனார்கள். நான் சென்னைக்கு வந்து இந்த மாதிரி எழுதிப் பிழைக்கிறேன். சீனு ஒரு பெரிய குழுவில் வாசிக்கிறான், பெங்களூரில்.

போன மாதம் சீனுவுக்குக் கல்யாணம், நகரியில். பந்தலில் அண்ணனைப் பார்த்தேன். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் தோள்வரை முடி தொங்குகிறது, நடுவில் வழவழவென்று ஒரு மைதானம். கோலத்தைப் பார்த்ததும் எனக்கு நாலு கிண்டல் தோன்றியது, இரண்டைச் சொல்லியும்விட்டேன். புதுக் குழு இருக்கிறதாம். மொட்டையோடு வருகிறவர்களை இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "உள்ள கூப்ட்டு உக்கார வெக்கறேன்" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மாலையும் கழுத்துமாக வந்த சீனு அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, எங்கம்மா வேண்டிக்காம இருந்தா இது இருந்திருக்கும் இல்ல?"

"அட போடா. அன்னிக்கி இறக்கினது மொத்தமும் நல்லா வளந்துச்சி. அப்புறம் காயில் வார்னிஷ் சூடு பட்டுத்தான் கொட்டிப்போச்சி. நீ போய் பொண்ணு பக்கத்துல நில்லு, போட்டோக்காரன் கத்திக்கினு கீறான்."

சீனு முகம் தெளிந்து சிரித்துக்கொண்டே மேடைக்கு ஓடினான். அண்ணன் அதுவரை பாடியதை எல்லாம், இனிமேல் பாடப்போவதையும் சேர்த்து, அந்த ஒரு பொய்க்காக மன்னித்துவிட்டேன்.