எட்டாத குண்டு

"பாயிண்ட் தொண்ணூத்தொம்பது ஜூல். சட்டம் பாயிண்ட் தொண்ணூத்தெட்டோட நிக்குது சார். இதை உள்ள விட்டா போலீஸ் என்னையும் சேத்துப் பிடிக்கும்."

சிபா காட்டு விளையாட்டுத் திடலின் வாசலில் பொம்மைத் துப்பாக்கிகளின் சக்தியை அளக்கும் ஹொசாகா அம்மாள் இப்படிச் சொன்னது, கிதாஜிமாவுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது.

"நல்லாவே குறைச்சிடுங்கம்மா."

அலுவலகத்தில் ஒரு நாற்காலி குறையப்போகிறது என்று பேச்சு. ஐம்பத்து மூன்று வயதில் வேறு எங்கே போய் உட்காருவது? அதற்காகவே மேலாளர் மினோவா கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்திருந்தார். மினோவா எதிரணி. அவரை மட்டும் சுட்டுவிடக் கூடாது.

ஸ்பிரிங்கை மாற்றினார் ஹொசாகா. பாயிண்ட் எண்பது.

முதல் ஆட்டத்தில் கிதாஜிமா பக்கத்து மரத்தைச் சுட்டார். முப்பதடி தள்ளி மினோவா கையைத் தூக்கினார்.

"பட்டுடுச்சுப்பா."

பிளாஸ்டிக் குண்டு தடம் விடாது. பட்டவனே ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும், மானமுள்ளவர்களின் ஆட்டம். கிதாஜிமா ஹொசாகாவிடம் ஓடினார்.

"இன்னும் குறைங்கம்மா."

பாயிண்ட் ஐம்பது. இந்த முறை வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

"பட்டுடுச்சு. என்னா குறி கிதாஜிமா உனக்கு" என்றபடி வெளியேறினார் மினோவா. மதியம் தன் தட்டிலிருந்த பன்றிக்கறி வறுவலை எடுத்து கிதாஜிமாவின் தட்டில் வைத்தார். அதை அப்படியே விட்டுவிட்டு கிதாஜிமா மறுபடி வாசலுக்குப் போனார்.

"இன்னும் குறைக்க முடியுமாம்மா?"

"சட்டம் மேலதான் கோடு போட்டிருக்கு சார். கீழ எவ்வளவு வேணாலும் போகலாம், மனுஷன் மாதிரி."

பாயிண்ட் பத்து. கடைசி ஆட்டத்தில் குண்டு கிதாஜிமாவின் காலணி மேலேயே விழுந்தது. ஐம்பதடிக்கு அப்பால் மினோவாவின் கை உயர்ந்தது.

அப்போதுதான் கிதாஜிமாவுக்கு உறைத்தது. மேலாளர் வேண்டுமென்றே தோற்கிறார். தனக்காகத் தோற்கிறார். இருபத்தெட்டு வருட உழைப்பை ஒருவர் கவனித்திருக்கிறார். கண் கலங்க, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

துப்பாக்கியில் கட்டிய அனுமதிச் சீட்டை ஹொசாகா வெட்டும்போது கிதாஜிமாவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எங்க மேலாளர் எனக்காகவே தோத்தாரும்மா. இனி என் வேலைக்குப் பயமில்ல."

ஹொசாகா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"உங்க ஆபீஸ்லயே இருந்த என் வீட்டுக்காரர்கிட்ட போன வருஷம் அஞ்சு தடவ தோத்தாரு சார், மறுநாளே வேலைய விட்டு அனுப்பிட்டாரு."