சரோஜா பார்க்க உடைந்த சவுக்கு வில்

நேராக வளர்ந்த மரம்தான் நல்ல மரம் என்று இளவயதில் உறுதியாக நம்பியவன் நான். (மனிதர்களைப் பற்றியும் கிட்டத்தட்ட அதே அபிப்பிராயம்தான்.)

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அந்த வருடம் கோயில் திருவிழாக் கூத்தில் வேடராஜா வேஷம் கிடைத்தது. காட்டுப்பன்றியை அம்பெய்து கொல்லும் கட்டம்தான் உச்சம். எனக்குப் பேசியிருந்த பெண் சரோஜாவும் அவள் அப்பாவும் நானுஓயாவிலிருந்து கூத்துப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அட்டை வில்லோடு நிற்க முடியுமா? நிஜ வில்லே செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன்.

பன்றி வேஷம் கட்டுபவன் என் கூட்டாளி செபஸ்தியான். இருவரும் மரம் தேடி அலைந்தோம். பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி இருந்தது; ஆனால் ஒரு முழத்துக்குமேல் நேர்த்துண்டு இல்லை. மூங்கில் நன்றாக வளைந்தது. கையில் பிடித்தால் மீன் பிடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற கொய்யாவில் செபஸ்தியான் ஒரு கிளையை வெட்டி, முழங்காலில் வைத்து வளைத்துக் கையை எடுத்தான். விர்ரென்று பழையபடி நிமிர்ந்தது.

"இதுதான் மச்சான். கொஞ்சம் கோணல், ஆனா ஒடையாது."

"ராஜா கையில கோணக் கம்பாடா? சரோஜா என்னா நெனைப்பா?"

தேயிலைக்கு நிழல் தர நட்டிருக்கும், எங்கள் பக்கம் சவுக்கு என்றழைக்கிற மரத்தில் ஒரு பலகை எடுத்தேன். கணுவே இல்லாத, நூல் பிடித்த மாதிரி நேரான பலகை. அழகுக்காக நடுப்பகுதியை மெல்லிசாக இழைத்து வார்னிஷும் பூசினேன். ஒத்திகையில் ஒரு தடவைகூட முழுசாக இழுக்கவில்லை. (அது தாங்காதென்று உள்ளுக்குள் எனக்கே தெரிந்திருக்கிறது.)

கூத்தன்று முன்வரிசையில் சரோஜா. பன்றி, வேஷத்துக்காகத் தைத்த சாக்குக்குள் குனிந்தபடி வந்தது. நாணைக் காதுவரை இழுத்தேன்.

படார்!

வில் இரண்டாகி, ஒரு பாதி என் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு மேளக்காரர் மடியில் போய் விழுந்தது. முனையில் துணி சுற்றிய அம்பு என் காலடியில். சாக்குக்குள் கண் தெரியாத செபஸ்தியான், சத்தத்தைக் கேட்டு அம்பு பாய்ந்துவிட்டதென்று நினைத்து, உறுமிப் புரண்டு செத்துப்போனான். பன்றி விழுந்தால் அடுத்தது என் வசனம். பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது:

"பார்த்தீர்களா, என் வில்லின் வலிமையை!"

சனம் சிரித்த சிரிப்பில் ஓடிவிடலாமென்று திரும்பினேன். அப்போது செத்த பன்றி மெதுவாகக் கேட்டது:

"ஏன் மச்சான் சிரிக்கிறாங்க? நான் சரியாத்தானே செத்தேன்?"

எனக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மிச்சப் பாதி வில்லைப் பிடித்தபடி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

கூத்து முடிந்ததும் சரோஜாவின் அப்பா வந்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று தலைகுனிந்து நின்றேன்.

"தம்பி, முன்ன ஒருத்தரு பொண்ணு பாக்க வந்தாரு. தேத்தண்ணியில சீனி கொறைஞ்சதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க இத்தனை சனத்துக்கு முன்னால உங்களையே பாத்துச் சிரிச்சீங்க. அது போதும்னு புள்ள சொல்லுது."

வில் உடையாமல், நான் ராஜாவாகவே விறைத்து நின்றிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்கத் தைரியம் வந்ததில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் ஒரு பீங்கான் உடைந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் உறுமிக்கொண்டு தரையில் விழுந்து சாக வேண்டும். போன வாரம் சரோஜா ஒரு கோப்பையைத் தவறவிட்டாள். நான் விழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. அவள் சிரித்து முடித்துக் கைகொடுக்கும்வரை அப்படியே செத்துக் கிடந்தேன்.