தண்ணீர் கடைசிக் கட்டம்

துணியை வாளியில் ஊறப்போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோப்புத்தூளை அளந்து போட்டு, நுரை பொங்கக் கலக்கி, அழுக்கெல்லாம் தானாகக் கழன்று வரட்டும் என்று குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்லப்போவது அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர்களைப் பற்றி. இவர்கள் ஊறப்போடுவது தன்னம்பிக்கையை. ஊற ஊற நல்லது என்பது இவர்கள் கட்சி. அலசுவது, பிழிவது, காயப்போடுவது எல்லாம் பிற்பாடு.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஓடிப் பழகப்போகிறேன் என்று போன வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர், அதற்கென்றே வாங்கிய காலணியைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து, ஓடி முடித்தவர் போல நெற்றியைத் துடைத்துக்கொள்வாரே, அவர்தான். "முதல்ல மனசு தயாராகணும்" என்பார். "உள்ளே ஜெயிச்சிட்டா வெளியே ஜெயிக்கிறதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்" என்பார். எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டால், பிரசவ அறைக் கதவைத் தட்டி 'இன்னும் முடியலையா?' என்று கேட்டவனைப் பார்ப்பது போல உங்களைப் பார்ப்பார். தயவுசெய்து சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறி நிம்மதியாகத் தூங்குகிறான். இவர் விடியுமுன் எழுந்து, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, கண்ணை மூடி வெற்றி மேடையில் ஏறி, தன் பெயரைத் தானே அழைத்து, தனக்குத் தானே கைதட்டி, அந்தக் களைப்பிலேயே அன்றைய வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்த இனத்தின் அசல் வித்து ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்ற முறைக்குச் செய்யவேண்டிய மரியாதையை எல்லாம் நாங்கள் குறைவில்லாமல் செய்துவிட்டோம். ஆகவே மிச்சத்தை உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாலு சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடி. தன்னிடமே பேசிக்கொள்கிற ஆளுக்கு இப்படியொரு தொழில் அமைந்தால் கேட்கவேண்டுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் உற்சாகப்படுத்த ஓர் ஆள் நிற்கிறார். ஒருநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஃப்ரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவர் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் தெரிந்த தன் கண்களையே உற்றுப்பார்த்து, "நீ சிங்கம்! உன்னால முடியாதது எதுவுமே இல்ல" என்று அழுத்தமாகச் சொன்னார். தபால்காரர் அது தனக்குச் சொன்னதென்றே எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டுல ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்ல தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டவர், படிக்க ஒன்று, வெளியே போட ஒன்று என்று இரண்டு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நீச்சல்தான் மாப்பிள்ளையின் லட்சியம். அது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய எட்டு வயது மகள் நீச்சல்குளத்தில் பழகுகிறாள். வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். தண்ணீரில் இறங்கினால் அவள் மீன். அந்தக் குளத்தில் வருடத்துக்கு ஒருமுறை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கலந்துகொள்ளும் போட்டி ஒன்று உண்டு. அப்பா இந்தக் கரையிலிருந்து நீந்திப்போய் அந்தக் கரையில் காத்திருக்கும் பிள்ளையின் கையைத் தொடவேண்டும். தொட்ட பிறகு பிள்ளை குதித்துத் திரும்பி வரவேண்டும். அப்பா இறங்காவிட்டால் பிள்ளைக்கும் இடமில்லை. போன வருடம் மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. வாலு நீச்சல் உடையோடு பெஞ்சில் உட்கார்ந்து, தோழிகளுடைய துண்டுகளையெல்லாம் மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, அவருடைய பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அடுத்த வருஷம் அப்பா குதிக்கிறேன்" என்று அங்கேயே அவள் தலையில் கைவைத்துச் சொன்னார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது ஊறல்.

குளியலறைக் கண்ணாடியில் "நான் மீன்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு "நானே நீர்", அதற்கும் மேலே "பயம் என்பது யார்?" இப்படியே ஒட்டிக்கொண்டு போனதில் முகம் தெரிய இடமில்லாமல் போய், தடவிப்பார்த்தே சவரம் செய்துகொண்டு, கன்னத்தில் பஞ்சோடு கடைக்குப் போனார். நீச்சல் தொப்பி வாங்கினார். கடை அவருடையதாயிற்றே, தன் பார்வைக்குத் தக்க பவர் வைத்துத் தண்ணீருக்கடியிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஒரு நீச்சல் கண்ணாடி செய்துகொண்டார். மாலையில் கட்டிலில் குப்புறப் படுத்து, காலை உதைத்து, கையை வீசி, தலையணையைக் கிழித்தார். மகளை வகுப்புக்கு அழைத்துப்போனால் பார்வையாளர் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். எதிரே குளம் நிறையத் தண்ணீர். ஐயா மனதுக்குள் நீந்திக்கொண்டிருப்பார்.

தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எதிரிலேயே கேட்டாள்.

"ஏங்க, பக்கத்துல பெரியவங்களுக்கும் வகுப்பு நடக்குதே, ஒருநாள் இறங்கித்தான் பாருங்களேன்?"

"இறங்கலாம்மா. தண்ணி கடைசிக் கட்டம்."

"அப்போ மத்த கட்டமெல்லாம்?"

"எல்லாம் உள்ளே நடக்குது. நம்பிக்கை முழுசா வராம இறங்கினா, தண்ணி அதைக் கண்டுபிடிச்சிடும்."

"அண்ணே, நீயாவது சொல்லேன்" என்று தங்கை என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்ன மச்சான் எந்த வீட்டில் நன்றாக இருந்திருக்கிறான்? நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. பயிற்சியாளர் ஒவ்வொரு அப்பாவிடமும் போய் விசாரித்தார். "சாருக்கு நல்லா நீச்சல் வருமா?"

"ஆயிரம் தடவை நீந்தியிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை.

கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவன் முகத்தில் ஒரு துடிப்பு தெரியும். இவர் முகத்தில் குழந்தையின் நிச்சயம். மனதுக்குள் நீந்தினாரா வெளியே நீந்தினாரா என்று பயிற்சியாளர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தங்கை மட்டும் என் கையைக் கிள்ளிக்கொண்டு, "ஆழம் எவ்வளவுண்ணே?" என்றாள். மார்பளவுதான் என்றேன். கிள்ளுவது கொஞ்சம் தளர்ந்தது.

விசில் ஊதினார்கள். எல்லா அப்பாக்களும் தொபதொபவென்று விழுந்தார்கள். மாப்பிள்ளை விழவில்லை. விளிம்பில் நின்று, கைகளை முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை மனதுக்குள் நீந்தி முடித்துவிட்டுக் குதிக்கலாம் என்று பார்த்தாராம். உதட்டில் ஒரு புன்னகை வேறு. அதற்குள் பரிசு வாங்கிவிட்டார் போலிருக்கிறது.

"அப்பா! குதிப்பா!" என்று எதிர்க்கரையில் வாலு கத்தினாள்.

கண்ணைத் திறந்தார். மற்றவர்கள் பாதிக் குளம் போயிருந்தார்கள். குதித்தார். வயிறு தண்ணீரில் அறைந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முதலில் தொப்பி மட்டும் மிதந்து வந்தது. பிறகு நீச்சல் கண்ணாடி தனியாக எங்கோ போயிற்று. கடைசியில் மாப்பிள்ளை இருமிக்கொண்டே எழுந்து நின்றார், மார்பளவுத் தண்ணீரில். தண்ணீர் என்பது நனைக்கும், மூக்கில் ஏறும், குளிரும் என்று ஒரு வருடமாக யாருமே அவரிடம் சொல்லாதது போல ஒரு முழி.

கூட்டம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், என்னத்தை மறைக்க. அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஏணி இருந்தது. பிடித்து ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சியாளர்கூட, "சார், வந்துடுங்க சார்" என்று கையை நீட்டினார்.

மாப்பிள்ளை ஏணியைப் பார்த்தார். எதிர்க்கரையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிர்க்கரை வெறும் நீலப் புகைதான். ஆனால் அந்தப் புகைக்குள் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியும். நடக்க ஆரம்பித்தார்.

தண்ணீருக்குள் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஓர் அடி வைத்தால் அரை அடி தள்ளுகிறது. பார்வையும் இல்லாததால் அடுத்தவர் பாதையில் நுழைந்து, கயிற்றில் சிக்கி, இன்னொரு அப்பாவின் முதுகில் மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கோணலாகப் போய்க்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம்ப்பா! இந்தப் பக்கம்!" என்று வாலு கைதட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பினார். அதற்குள் மற்றப் பிள்ளைகள் எல்லாம் நீந்தி முடித்து, தலை துவட்டி, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். சிரிப்பு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை. என் தங்கை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் கையை நீட்டினார். வாலுவின் கையைத் தொட்டார்.

"அப்பாவுக்கு நீந்தத் தெரியலடா கண்ணு" என்றார் மூச்சுவாங்க. ஒரு வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"தெரியும்ப்பா. தள்ளு, நான் போகணும்."

குதித்தாள். அவ்வளவு பெரிய குளத்தில் அவள் ஒருத்தி மட்டும் நீந்தி வந்தாள். கடைசி இடம். இந்தக் கரையில் ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட என்னிடம் ஓடிவந்து, "மாமா, என் துண்டு எங்கே? போன வருஷம் எல்லார் துண்டும் நான் வெச்சிருந்தேன்ல. இன்னைக்கு எனக்குத் துண்டு வேணும்!" என்றாள். கொடுத்தேன். அந்தத் துண்டால் என் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல் போனதுதான் குறை.

மறுவாரம் குளத்துக்குப் போனபோது மாப்பிள்ளையைப் பெரியவர்கள் பக்கம் தேடினேன். காணோம். குழந்தைகள் பழகுகிற குட்டைத் தொட்டியில் இருந்தார். மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்திருந்தார். வாலு அவர் வயிற்றைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, "காலை உதைப்பா, சும்மா பேசிட்டே இருக்காதே" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, நம்பிக்கை எப்படி இருக்கு?"

"சுத்தமா போயிடுச்சு மச்சான்" என்றார் தண்ணீரைத் துப்பிவிட்டு. "ஒரு பொட்டு இல்ல. பயமா இருக்கு. நேத்து கொஞ்ச நேரம் மிதந்தேன்."

குளியலறை ஸ்டிக்கர்களைத் தங்கை சுரண்டி எடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் கன்னத்தில் இப்போது பஞ்சு இல்லை.

நீங்கள் சிரித்தீர்கள். சந்தோஷம். என் மாப்பிள்ளையைப் போல ஓர் ஆள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார், மாடிவீட்டில் இருக்கிறார், உங்கள் சித்தப்பாவே அப்படித்தான் என்று உடனே ஞாபகம் வந்திருக்கும். இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக்கூடாது. இதைப் படிக்க எடுத்தபோது நீங்கள் செய்யவேண்டிய வேறு ஏதோ ஒரு வேலை இருந்ததே? முதலில் இதைப் படித்து மனதைக் கொஞ்சம் உற்சாகப்படுத்திக்கொண்டு அப்புறம் தொடங்கலாம் என்றுதானே உட்கார்ந்தீர்கள்? நீங்கள் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். இருந்தாலும் போகிற வழியில் உங்கள் குளியலறைக் கதவைத் திறந்து, அந்த வாளியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுங்கள்.