டாக்டரிடம் அப்பா சொல்லாத காரம்

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம் வேண்டாம், அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள், கிழித்ததையும் ஒரே குப்பைக்கூடையில் போடாதீர்கள். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமாக இல்லை. அறையில் விளக்குப் போட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வாளியின் குற்றம்.

வயிற்றெரிச்சலுக்காக அப்பாவைக் கூட்டிப்போன அதே இயற்கை வைத்தியரிடம் வெள்ளிக்கிழமை நீங்களும் முதுகுவலிக்குப் போகிறீர்கள், அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஊசி கிடையாது சித்தி. ஊசிக்குப் பதில் கேள்விகள். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் கேட்டார். அதற்கு முன்னால் ஆறு பக்கப் படிவம். அப்பா மூக்குக்கண்ணாடியை லிஃப்ட் பழுதுபார்க்கப் போன ஏதோ ஒரு மொட்டைமாடியில் மோட்டார்மேல் மறந்துவிட்டு வந்ததால் நான்தான் எழுதினேன். இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள், எதையும் தானாக நிறுத்தக் கூடாது என்கிறார். நாக்கை நீட்டச் சொல்வார், நகத்தைப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், எத்தனை மணிக்குத் தூங்குகிறோம், எத்தனை முறை எழுந்துபோகிறோம் என்றெல்லாம் கூச்சமில்லாமல் கேட்பார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே கூச்சத்தோடு சொன்னார்.

"கடைசியா எப்ப சார் அழுதீங்க?"

"போன மாசம். லிஃப்ட் கதவுல விரல் மாட்டிக்கிச்சு."

"அது இல்ல. மனசு கஷ்டப்பட்டு?"

"விரல் மாட்டினா மனசும் கஷ்டப்படும்ல டாக்டரம்மா."

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "மதியச் சாப்பாட்டுல காரம் எப்படி?" அப்பா ஒரு நொடி என் பக்கம் திரும்பிவிட்டு, "இவதான் கட்டிக் குடுக்கிறா. குழந்தை கைக்குக் காரமே வராதுங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் அரை ஸ்பூன் மிளகாய்த்தூள் கூடப் போட்டேன்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது. அம்மா வேலைக்காக வேறு ஊருக்குப் போன அன்று வாசலில் நின்று, "அப்பா வயிறு உன் பொறுப்புடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டு மாதமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து சோறும் காயும் செய்து அப்பாவுக்கு டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறேன். நான் பள்ளி கேன்டீனில் சாப்பிடுவேன், இரவுக் கஞ்சி அப்பா வைப்பார். அதனால் என் சமையலை நான் ருசி பார்த்ததே இல்லை. முதல் வாரத்தில் அப்பா, "என்னா காரம்! பிரமாதம் போ!" என்றார். சரி, அப்பாவுக்குக் காரம் பிடிக்கும் போலிருக்கிறது என்று கொஞ்சம் கூட்டினேன். ஒவ்வொரு மாதமும் பிரமாதம், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம். இப்போது நான்கு ஸ்பூன், சித்தி. ஒரு ஆளுக்கு. ஒரு வேளைக்கு.

டாக்டரம்மா ஏழு நாள் சாப்பிடுவதையெல்லாம் எழுதிவரச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மதியம் சோறு, காய், வயிறு நிறைய. டீ ஒண்ணு." ஏழு நாளும் அதேதான். நேற்று அதைப் படித்துப் பார்த்து டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு ஒழுங்காச் சாப்பிடுறவருக்கு எதுக்கு இந்த எரிச்சல்? எடையும் குறையுது. உள்ள ஏதாவது இருக்கான்னு பாத்துடணும்" என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவரை வேகவைத்த காய், பழம், வயிற்றின்மேல் ஈரமண்ணைத் துணியில் வைத்துக் கட்டு. அப்பா சிரித்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். ஏன் காட்டினார் சித்தி?

இன்று காலை பழக்கதோஷத்தில் டப்பா கட்டிவிட்டேன். அப்பா சாப்பிடக் கூடாதே என்று நானே பள்ளிக்கு எடுத்துப்போனேன். ஒரு வாய்தான். காதுக்குள் விசில் அடித்தது. பக்கத்து பெஞ்சுக்காரி, "அப்படி என்னடி இருக்கு?" என்று ஒரு வாய் எடுத்துவிட்டு மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தாள். "யாருக்குடி இந்தத் தண்டனை?" என்றாள். நான் அழுதேன். காரத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எட்டு மாதம் இதைத் தின்றுவிட்டு தினமும் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா வயிற்றை நான்தான் பொசுக்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் மனசு உடைந்துவிடும், சொல்லாவிட்டால் திங்கட்கிழமை குழாய் விடுவார்கள். அதனால் நீங்கள் வெள்ளிக்கிழமை போகும்போது, முதுகைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த நோட்டில் நான்கு ஸ்பூன் காரத்தை எழுதவே இல்லை என்று சொல்லி, அப்பாவுக்கு ஒன்றும் இருக்காதுதானே என்று கேட்டு எனக்கு உடனே

கதவைத் தட்டுகிறார்கள்

பி.கு.: அப்பாதான். "என்ன கண்ணு, ஒரு மணி நேரமா உள்ளயே இருக்க, உனக்கும் வயிறு சரியில்லையா?" என்றார். நான் அழுதபடி நான்கு ஸ்பூனையும் சொல்லிவிட்டேன். அப்பா சிரித்துச் சிரித்து ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் செய்ததை அவர் சாப்பிட்டது முதல் மூன்று வாரம்தானாம். அப்புறம் டப்பா போனதெல்லாம் அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக் காவலாளி மாமாவுக்கு. அதன்பின் வந்த 'பிரமாதம்' எல்லாம் அந்த மாமா சொன்னதாம். அப்பா மாலையில் என்னிடம் ஒப்பித்திருக்கிறார். இவர் மதியம் வெறும் டீ. ஒன்று இல்லை, ஏழு. "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு செய்யிற, எப்படிடா சொல்றது?" என்றார். நாளை காலை டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நிஜத்தை அவரே சொல்லப்போகிறார். குழாய் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரம்மா சொல்வார். வேண்டுமென்றால் நானும் கூடப் போகலாமாம்.

ஆகவே நீங்கள் முதுகை மட்டும் பேசுங்கள். எனக்கு அப்பாமேல் பயங்கரக் கோபம். அவர் இப்போது அடுப்படியில் நின்று எனக்குப் பால் காய்ச்சுகிறார், அதனால் நாளை கோபித்துக்கொள்வேன். காவலாளி மாமா ஏமாந்துவிடக் கூடாது என்பதால் இனி இரண்டு டப்பா. நான் நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
வாலு