ஒரே வயரில் மூன்று வாசல்

கிர்ர்ர்ர்ர்! மருந்துக் கவுன்ட்டரில் இருந்த பிரிண்டர் தானாகவே அலறி, பூனைப் படங்களாகத் துப்பத் தொடங்கியது.

"வயரக்கா! இது முப்பத்தேழாவது பூனை!" என்று கத்தினார் மருந்தாளுநர்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இணைப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் வயரக்கா. வெயிட்டிங் ஹாலில் யாரோ போனில் கண்டதைத் தட்டியிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. மருந்தகம், பரிசோதனைக்கூடம், ஹால் மூன்றும் ஒரே இணைப்பில் கிடந்தால் வேறென்ன நடக்கும்?

மேனேஜர் கையில் நாலைந்து பூனைகளோடு வந்தார். "வெளியூர் எக்ஸ்பர்ட்டைக் கூப்பிட்டுடலாம்மா. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

"அவர் எதுக்கு சார்? ரவுட்டர்லேர்ந்து போற ஒரே வயருக்குள்ள மூணு தனி வாசல் வெச்சிடறேன். பத்தாம் நம்பர் மருந்தகம், இருபது பரிசோதனைக்கூடம், முப்பது ஹால். ஒருத்தர் வாசல்ல இன்னொருத்தர் நுழைய முடியாது."

"முடியலைன்னா?"

"பன்னெண்டு மணிக்குள்ள முடியலைன்னா ராஜினாமா எழுதித் தர்றேன். அதுவரைக்கும் வெளியாள் யாரும் வரக் கூடாது."

"ஒருத்தரும் இங்க காலடி எடுத்து வைக்க மாட்டாங்க, போதுமா?"

வயரக்கா மேஜையில் உட்கார்ந்து படபடவென்று தட்டினாள். பத்து, இருபது, முப்பது. முடிந்தது.

"அக்கா!" மருந்தாளுநர் ஒரு தாளோடு ஓடி வந்தார். "யாரோட சிறுநீர் ரிப்போர்ட்டோ என் பிரிண்டர்ல வருது. இதுக்கு நான் என்ன மருந்து குடுக்க?"

திரையைப் பார்த்தாள். மருந்தகம் இருபதில் இருந்தது, பரிசோதனைக்கூடம் பத்தில். "நானா இப்படி அடிச்சேன்?" தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால், மறுபடி தலைகீழ். மறுபடி மாற்றினாள். அதுவும் மறுபடி மாறியது.

"உனக்கு அவ்வளவு திமிரா?" என்று ரவுட்டரைத் திட்டியபடி மூன்று வாசல்களுக்கும் பொதுவான தாய் வாசலையே மூடினாள். மூடிய பிறகுதான் உறைத்தது: அவள் கம்ப்யூட்டரும் அதே வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. திரை செத்தது. ஆஸ்பத்திரி முழுக்க இணைப்பு போனது.

"என்னம்மா, பேப்பர், பேனா கொண்டு வரச் சொல்லவா?" மேனேஜர் சிரித்தார்.

"கொண்டு வரச் சொல்லுங்க சார். பன்னெண்டு மணிக்கு நீங்க எனக்குப் பாராட்டுக் கடிதம் எழுத உதவும்!"

லேப்டாப்போடு ரவுட்டர் அறைக்கு ஓடி, ஒரு நீல வயரால் அதை நேராக ரவுட்டரிலேயே சொருகித் தரையில் சப்பணமிட்டாள். தாய் வாசலைத் திறந்தாள். பத்தும் இருபதும் இடம் மாறின. திருப்பினாள். மாறின. திருப்பினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. "நீயா நானா பார்த்துடலாம்!"

பதினொன்றரைக்குத் திருப்பியது அப்படியே நின்றது. அவள் நம்பவில்லை. இருபது நிமிடம் இமைக்காமல் முறைத்தாள். அசையவில்லை. மருந்துச் சீட்டு மருந்தகத்தில் வந்தது, ரிப்போர்ட் பரிசோதனைக்கூடத்தில் வந்தது, பூனை எங்கேயும் வரவில்லை.

"பரவாயில்லையே! பத்து நிமிஷம் மிச்சம்கூட வெச்சிருக்கீங்க" என்றார் மேனேஜர், பாதி மனதோடு.

அப்போது ரிசப்ஷன் பெண் போனைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"சார், காலையில நீங்க கூப்பிட்ட எக்ஸ்பர்ட் லைன்ல இருக்கார். அவர் கணக்குல பத்து பரிசோதனைக்கூடம், இருபது மருந்தகமாம். தன் ஊர்லேர்ந்தே அவர் அப்படி மாத்த மாத்த, இங்க யாரோ திருப்பித் திருப்பி வைக்கிறாங்களாம், இந்த முரட்டு ஆளோட தன்னால ஆகாதுன்னு பதினொன்றரைக்கே கையெடுத்துக் கும்பிட்டுட்டாராம்!"