சுருட்டின் மேல் தப்பில்லை

தனக்குப் பிடித்த பொருளுக்குச் சம்பளமில்லாத வக்கீலாக வாழும் மனிதர் ஒருவகை உண்டு. அவர் மெச்சும் பொருள் மோசமாகவே இருக்காது. இருந்தால் காற்றோ, தண்ணீரோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்களோ காரணம். நெய்வேலியில் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. ஏன் என்கிறீர்களா? சுரங்கத்தில் கன்வேயர் நின்றால் ஷிப்டு ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. தன் பெயரையே அதில் எழுதிவிட்டுப் போனவரும் கிடையாது.

எங்கள் பிளாக் போர்மேன் வேணு முப்பது வருடமாக அந்தக் கட்டத்தை நிரப்பியவர். அவருடைய கட்சிக்காரர் கியூபா சுருட்டு. துபாய் மருமகன் வருடத்துக்கு ஒரு பெட்டி கொண்டுவருவார். அதைச் சும்மா கொளுத்திவிடலாமா? குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு, சுருட்டைக் காதருகே உருட்டிக் கேட்டு, மூக்கடியில் நீளவாக்கில் ஓட்டி, பட்டும் படாமலும் தீயைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "தேன்... பாதாம்... லேசா சந்தனம்" என்பார். நமக்குச் சுருட்டு நாற்றம்தான் வரும். அது நம் மூக்கின் குற்றம்.

அவருக்குக் கீழே வேலை பார்த்த காண்டிராக்ட் தொழிலாளி கொளஞ்சியப்பனுக்கு அந்தப் புகையை முகர மட்டுமே அனுமதி. பீடியைப் பற்றவைத்தால், "வைக்கோல் போரைக் கொளுத்துறியேப்பா!" என்பார் வேணு. "நீ பெர்மனென்ட் ஆகுற அன்னிக்கு உனக்கு முழுசா ஒண்ணு. இது என் வாக்கு." இந்த வாக்கைக் கொளஞ்சியப்பன் ஏழு வருடம் கேட்டார்.

போன மாதம் ஆர்டர் வந்தது. சொந்த வீட்டுக்குக்கூடப் போகாமல், லட்டுப் பெட்டியோடு நேராக வேணு வாசலுக்கு வந்துவிட்டார் மனிதர். வேணு பீரோவைத் திறந்தார். ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள்.

"எப்படி?"

கொளஞ்சியப்பன் இருமி முடித்தார். "நல்லாத்தான் கீதுங்கண்ணே. கொஞ்சம்... பட்டுப்பொடவ வாசன வருது."

வேணுவும் இழுத்தார். தேன் இல்லை. பாதாம் இல்லை. பீரோவையே சுருட்டிப் பற்றவைத்தது போல் இருந்தது. உடனே கட்டம் நிரம்பத் தொடங்கியது.

"மைன்ஸ் பக்கக் காத்து."

நாற்காலிகள் சுவருக்கு அந்தப்பக்கம் போயின.

"தீப்பெட்டி நமுத்துப்போச்சு."

புதுப்பெட்டி வந்தது.

"நீ மதியம் என்ன சாப்பிட்ட?"

"கருவாட்டுக் கொழம்புங்கண்ணே."

"அதான்!"

"நீங்க இன்னா சாப்பிட்டீங்க?"

"தயிர் சாதம். பேச்சை மாத்தாத."

ஜன்னலுக்குள்ளிருந்து அவர் மனைவி திலகவதியின் குரல் வந்தது. "பீரோல வைக்காதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேனே! பூச்சி அரிச்சிடும்னு சுருட்டுப் பெட்டிக்குள்ளயே நாலு பாச்சா உருண்டையப் போட்டது யாரு?"

கட்டத்தில் எழுத இனி ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. வேணு சுருட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"மருமகன் கடையை மாத்திட்டான்போல. அடுத்த பெட்டி வரட்டும் கொளஞ்சி, உனக்கு முழுசா ஒண்ணு."

கொளஞ்சியப்பன் சுருட்டை மரியாதையாகக் கீழே வைத்தார்.

"அதுக்கு நான் இன்னா ஆவணும்ங்கண்ணே? போர்மேனா?"

வேணு தன் சுருட்டைத் தரையில் தேய்த்து அணைத்தார். கொளஞ்சியப்பன் பீடிக்கட்டை நீட்டினார். வேணு ஒன்றை எடுத்து, காதருகே உருட்டாமல், கண்ணை மூடாமல், கடைசி வரைக்கும் இழுத்தார்.

"எப்டிங்கண்ணே?"

"காத்து மாறிடுச்சு," என்றார் வேணு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியை வடலூர் வரை இழுத்துப்போய், "இந்த ஓட்டல் தோசைக்கு ஈடே கிடையாது" என்றீர்களே, தோசை செருப்புத்தோல் மாதிரி வந்ததும் என்ன சொன்னீர்கள்? "மாஸ்டர் இன்னிக்கு லீவு போலிருக்கு."

அடுத்த மேஜையில் நான்தான் இருந்தேன். கை கழுவப் போகும்போது எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் கல்லருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.